எண்ணெய் போட்டுக் கொடுத்த பூட்டு

அத்தியாயம் 14

தையல்காரம்மாவைப் போன வாரம் வாசலில் நிற்க வைத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். ஆஸ்பத்திரி நர்சுகளுக்குத் தைத்த சீருடைகளைக் கொடுத்துவிட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பினால், பதினாறு வருஷமாக அவள் திறந்து மூடிய கதவில் புதிதாக ஒரு பூட்டு தொங்குகிறது. அவள் கையில் இருக்கும் சாவிக்கு அங்கே வேலையே இல்லை.

விட்டுப்போனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடியில் வீட்டுக்காரப் பெரியவர், அவர் மனைவி, மகன். கீழே பூட்டுக்காரர், அவர் மனைவி தையல்காரம்மா, ஒரு மகள். எழுத்து என்று ஒன்றும் கிடையாது. பெரியவர் வாயால் சொன்னார், இவர்கள் காதால் கேட்டார்கள், குடி வந்தார்கள். பெரியவர் போன வருஷம் வீட்டை மகன் பேருக்கு எழுதி வைத்தார். இரண்டு மாதம் முன்பு கண்ணை மூடினார். ஒரு வாரத்தில் காலி செய்யுங்கள் என்றான் மகன். முறையாக நோட்டீஸ் கொடுங்கள், அவகாசம் கொடுங்கள் என்றாள் பூட்டுக்காரரின் மகள். அந்த ஒரு வாரம் நேற்றோடு முடிந்தது.

மனைவி போன் செய்ததும் பூட்டுக்காரர் தன் சின்னக் கடையின் ஷட்டரை இறக்கி மூடிவிட்டு, சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். முதலில் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்டைத்தான் பார்த்தார். தொழில் புத்தி அப்படி.

ஏழு லீவர் பூட்டு. பித்தளை உடம்பு. சாவித் துவாரத்தின் ஓரத்தில் எண்ணெய் லேசாக மினுமினுத்தது. சனிக்கிழமை அவரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூன்று தடவை பூட்டித் திறந்து பார்த்து, பழைய துணியால் துடைத்துக் கொடுத்த பூட்டு அது.

சனிக்கிழமை மாடி வீட்டு மகன் கடைக்கு வந்திருந்தான். "சித்தப்பா" என்று கூப்பிட்டான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவரைச் சாவிச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். மீசை முளைத்த பிறகு அந்த வார்த்தை அவன் வாயில் வரவே இல்லை. பல வருஷம் கழித்து அது காதில் விழுந்ததும் நம் ஆள் உருகிப்போய்விட்டார். பின் கேட்டுக்கு நல்லதாக இரண்டு பூட்டு வேண்டும் என்றான். இருப்பதிலேயே நல்லதாக எடுத்தார். பூட்டுக்கு மூன்று சாவி வீதம் ஆறையும் எண்ணி அவன் கையில் வைத்தார். தான் விற்கும் பூட்டுக்கு ஒரு சாவிகூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளாத மனுஷன் அவர். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

"நீங்க வித்ததா?" என்று கேட்டாள் தையல்காரம்மா. புருஷனின் முகத்தைப் படிக்க அவளுக்குக் கண்ணாடி தேவையில்லை.

"ம். பின் கேட்டுக்குன்னான். ரெண்டு வாங்கினான்."

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "சரி, திறங்க" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நிமிஷ வேலை. ஊரில் எந்தப் பூட்டு மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் படியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். வளைந்த கம்பி இரண்டையும் எடுத்தார். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் அவருடைய தொழில் முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாவி தொலைந்துவிட்டது, வந்து திறந்து விடுங்கள் என்று யார் கூப்பிட்டாலும் போவார். ஆனால் கம்பியைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார். கதவைத் திறந்தால் முதலில் என்ன இருக்கும்? அடுத்தது, அக்கம்பக்கத்தில் ஒரு ஆளைக் கூட்டிவந்து பக்கத்தில் நிற்க வைக்கச் சொல்வார். இவர் இங்கேதான் இருக்கிறார் என்று அந்த ஆள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் எரிந்து விழுவார்கள். அவர் அசைய மாட்டார். ஒரு தடவை கோட்டு சூட்டு போட்ட ஒருவன், திறந்தால் ஹால் இருக்கும் என்றான். ஹாலில் என்ன இருக்கும் என்றார். நாற்காலி என்றான். இவர் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டார். அது அவன் வீடே இல்லை என்பது மறுநாள் தெரிந்தது.

"அடுத்தவன் போட்ட பூட்டு. அவன் இல்லாம நான் கை வச்சா நான் திருடன்" என்றார்.

"உள்ள இருக்கறது நம்ம வீடு."

"தெரியும்."

அதற்குள் மகள் மூச்சிரைக்க வந்துவிட்டாள். கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு நாலு வாடகை ஒப்பந்தமாவது அவள் விரல் வழியாகப் போகும். ஊருக்கெல்லாம் எழுத்துப் போட்டுக் கொடுப்பவளின் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

பெட்டி திறந்திருப்பதைப் பார்த்ததும் அவள் பயந்துபோனாள். குனிந்து மூடியைச் சாத்தினாள். அப்பா கை வைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கடைக்கு மூன்றாவது கட்டடத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, வக்கீலம்மாவைத் தனக்குத் தெரியும், உடனே போகலாம் என்றாள்.

தையல்காரம்மா மட்டும் வரவில்லை. படியில் காலியான துணிப்பையை விரித்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் எழுந்தா, வீடு காலின்னு சொல்லிடுவான்."

மையத்து வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மகளுக்குப் பொறுக்கவில்லை.

"மூணு வருஷம் முன்னாடி ஒப்பந்தம் டைப் பண்ணிக் குடுத்தேனேப்பா. மாடிப் பெரியப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்குங்கன்னு சொன்னேன். அது எங்க?"

பூட்டுக்காரர் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். அதில் சாவி ராவிய பொடி கறுப்பாகப் படிந்திருந்தது.

"வீட்டுல துணிப்பெட்டிக்குள்ள இருக்கு. துணிக்கு அடியில."

"அவர்கிட்ட காட்டவே இல்லையா?"

"மாடிக்குப் போனேன்மா. அண்ணன் பக்கத்துல உக்கார வச்சு டீ குடுத்தார். பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னார். சரி பண்ணிட்டு வந்துட்டேன். அப்படி ஒரு மனுஷன்கிட்ட பேப்பரை நீட்டினா, உன்னை நம்பலன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

மகளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. யாரோ தெரியாதவனிடம் நீ இந்த வீட்டுக்காரன்தானா என்று முகத்துக்கு நேராகக் கேட்கும் அப்பா, தன் வீட்டுக்கு மட்டும் வாய் திறக்காமல் வந்திருக்கிறார். அதைச் சொல்லிக் காட்ட அவளுக்கு நாக்குவரை வந்துவிட்டது. அப்பாவின் நகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

வக்கீலம்மாவின் அறையில் ஃபேன் சுற்றும்போதெல்லாம் மேசை மேலிருந்த காகிதங்கள் பறக்கப் பார்த்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்திருந்தாள். இடது கையால் வேகமாக எழுதினாள். எத்தனை வருஷம், யார் யார் இருக்கிறீர்கள், வாடகை யார் கையில் யார் கொடுத்தது, கடைசியாக எப்போது கொடுத்தது என்று கேட்டாள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தையல்காரம்மா மாடி ஏறிப் போய் வீட்டுக்காரம்மா கையில் கொடுப்பாள் என்றார் பூட்டுக்காரர். ரசீது உண்டா என்றாள். இல்லை. பேங்க் வழியாக எப்போதாவது? இல்லை. அந்த நேரத்தில் வேறு யாராவது பக்கத்தில்? இல்லை.

பூட்டுக்காரரின் குரல் ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு படி இறங்கியது.

"மாடி வீட்டு ரிப்பேர் வேலை எல்லாம் நீங்கதான் பாப்பீங்களா?"

"ஆமா. குழாய், கேட், பீரோ பூட்டு. காசு வாங்க மாட்டேன்."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அங்கதான் பிடிப்பாங்க. குடித்தனக்காரர் இல்ல, ரிப்பேர் பாக்கறதுக்காகத் தங்க வச்ச ஆள், வேலை முடிஞ்சுது, போன்னு சொல்லுவாங்க."

பூட்டுக்காரருக்கு முகம் சுருங்கியது. அன்பாகச் செய்த வேலை தன் கழுத்துக்கே வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

வக்கீலம்மா அவரைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னாள். "எழுத்து இல்லன்னா உரிமையே இல்லன்னு நினைச்சுதான் பாதிப் பேர் தானா மூட்டை கட்டிடறாங்க. அப்படி இல்ல. வாய் வார்த்தையில குடி வந்தாலும் குடித்தனம் குடித்தனம்தான். வீடு அவருக்கு வேணும்னா சட்டப்படி கேட்கட்டும், நாம பதில் சொல்லுவோம். குடும்பம் இருக்கற வீட்டுல தானா வந்து பூட்டுப் போட அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனா அதுல நீங்களும் கை வைக்கக்கூடாது. வச்சீங்கன்னா கதை திரும்பிடும்."

"வைக்கல" என்றார் அவர்.

"வாடகை குடுத்ததுக்கு ஒரே சாட்சி, வாங்கின கை. அந்த அம்மா உண்மையைச் சொல்லுவாங்களா?"

புருஷன் போனதிலிருந்து வீட்டுக்காரம்மா கீழே இறங்கியதே இல்லை. மகன் போட்ட கோட்டைத் தாண்டாதவள். பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கீழ் வீட்டுக்காரர்களுக்குப் பேசுவாள் என்று எந்த நம்பிக்கையில் சொல்வது?

வக்கீலம்மா போலீசுக்கு ஒரு மனு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கூடவே ஸ்டேஷனுக்கு ஒரு போனும் போட்டாள். அந்தப் போன்தான் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

போலீஸ் அதிகாரி வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. தையல்காரம்மா விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதைத் தொடவில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டி வரும், எழுந்தால் இடம் போய்விடும் என்ற பயம் அவளுக்கு.

மாடியிலிருந்து மகன் இறங்கி வந்தான். வக்கீலம்மா சொன்னது எழுத்து மாறாமல் அவன் வாயிலிருந்து வந்தது. ரிப்பேர் வேலைக்காக அப்பா தங்க வைத்த ஆட்கள், வாடகை என்று ஒரு காசு கொடுத்ததில்லை, போன வாரமே காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்கள், உள்ளே கிடப்பதெல்லாம் அப்பாவின் பழைய சாமான் என்றான். பூட்டுக்காரரை அவன் சித்தப்பா என்று சொல்லவில்லை. "இந்த ஆள்" என்றான்.

அதிகாரி அலுத்துப்போன மனுஷர். இந்த மாதிரி வழக்கு அவர் தினமும் பார்ப்பது. எழுத்து இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. ரசீது? இல்லை. பூட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீங்க இங்க இருக்கீங்கன்னு நான் எதை வச்சு எழுதறது?"

முப்பது வருஷமாக அடுத்தவர்களைக் கேட்ட கேள்வியின் மறுபக்கத்தில் பூட்டுக்காரர் முதல் தடவையாக நிற்கிறார். அன்று எரிந்து விழுந்தவர்களின் முகமெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது.

மகள்தான் முன்னால் வந்தாள். "அப்பா, யார் வீட்டுக்குப் போனாலும் நீங்க ஒண்ணு கேப்பீங்களே. அதையே உங்களைக் கேக்கறதா நினைச்சுக்கோங்க. கதவைத் திறந்தா முதல்ல என்ன இருக்கும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கதவு முழுசாத் திறக்காது சார். முக்கால்தான். பின்னாடி தையல் மெஷின் இடிக்கும். மெஷின்ல நீலச் சட்டை ஒண்ணு, காலர் வச்சு பாதியில நிக்குது. ஊசி துணிக்குள்ளயே இருக்கும். எழுந்திருக்கும்போது அவ ஊசியைத் தூக்க மாட்டா."

தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பதினாறு வருஷமாக இந்த மனுஷன் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

"இடது சுவத்துல மூணு சுவிட்ச். நடு சுவிட்ச் போட்டா எங்க வீட்டுல ஒண்ணும் எரியாது. மாடிப்படி லைட் எரியும். வயரிங்ல ஏதோ கோளாறு. தினம் சாயங்காலம் நாங்கதான் போட்டு விடுவோம், அண்ணன் படி ஏறும்போது வெளிச்சம் வேணும்ல. அதுக்கு அந்தப் பக்கம் என் மகளோட மேசை. ஒரு கால் குட்டை. அட்டை மடிச்சு வச்சிருக்கு."

அதிகாரி மகனைப் பார்த்தார். "திறங்க தம்பி. பாத்துடுவோம்."

ரிப்பேருக்கு வந்துபோன ஆளுக்கு இதெல்லாம் தெரியாதா என்றான் மகன். சாவி இப்போது கையில் இல்லை, டவுனில் தன் கடையில் இருக்கிறது, நாளைக்குத்தான் எடுத்து வர முடியும் என்றான். இரண்டு சாவிதான், இரண்டுமே அங்கேதான் என்றான்.

"மூணு" என்றார் பூட்டுக்காரர்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று காலையிலிருந்து அவர் நிமிர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். "நான் வித்த பூட்டு சார் அது. மூணு சாவி எண்ணிக் குடுத்தேன். குறைச்சுக் குடுக்கற வழக்கம் எனக்கு இல்ல."

அப்போதுதான் மாடிப்படியில் செருப்பில்லாத கால் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். இந்த இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். மகன் "அம்மா, நீ மேல போ" என்றான். அவள் காதில் விழாத மாதிரி வந்தாள். கதவின் முன் வந்து நின்று, மூடியிருந்த வலது கையை விரித்தாள். உள்ளங்கை வேர்வையில் நனைந்த சாவி ஒன்று.

"மாடியில ஆணியில மாட்டி வச்சிருந்தான்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

பூட்டைத் திறக்க அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேர் உதவிக்கு வந்தார்கள்; யாரையும் விடவில்லை. நல்ல எண்ணெய் போட்ட பூட்டு, அவளைச் சோதிக்காமல் திறந்துகொண்டது.

கதவு முக்கால் திறந்து, மெஷினில் இடித்து நின்றது. மெஷினில் நீலச் சட்டை, ஊசி துணிக்குள். அதிகாரி எட்டிப் பார்த்து நடு சுவிட்சைப் போட்டார். பட்டப்பகலில் மாடிப்படி பல்பு எரிந்தது; பார்த்துவிட்டு அணைத்தார்.

"வாடகை குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரம்மா மகனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. நீயே சொல்லிவிடேன், என்னைச் சொல்ல வைக்காதே என்று அவள் கண் கேட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பதினாறு வருஷம். மாசம் முதல் தேதி. இவ என் கையில குடுப்பா, நான் எண்ணிப் பாத்ததே இல்ல" என்றாள். "பாக்கணும்னு தோணினதில்ல."

தையல்காரம்மா படியில் உட்கார்ந்தபடியே அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை.

அதிகாரி அதையெல்லாம் எழுதினார். வீட்டுக்காரம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். பதினாறு வருஷக் குடித்தனத்துக்குக் காகிதத்தில் விழுந்த முதல் எழுத்து அது. வீடு வேண்டுமானால் கோர்ட் வழியாக வரச் சொல்லி மகனை எச்சரித்துவிட்டு, இன்னொரு தடவை பூட்டுப் போட்டால் நிலைமை வேறு மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் பூட்டை மகன் கழற்றிக்கொள்ளவில்லை. பூட்டுக்காரர் அதைச் சாவியோடு கழற்றி, துடைத்து, அவனிடமே நீட்டினார். அவன் வாங்கவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்படி தையல்காரம்மா எவ்வளவோ கூப்பிட்டாள். வேண்டாம் என்று வீட்டுக்காரம்மா தலையசைத்துவிட்டு, மகன் பின்னால் மெதுவாகப் படியேறினாள். மேலே கொஞ்ச நேரம் பேச்சுக் குரல் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். அப்புறம் மகனின் பைக் கிளம்பிப் போனது.

கீழே இருந்தவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கும் நிலையில் இல்லை. தங்கள் வீட்டுக்குள்ளேயே விருந்தாளிகள் மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மா ஊசியைத் தூக்கிவிட்டு, துணியை எடுத்து, மறுபடி வைத்தாள். மகள் துணிப்பெட்டிக்குள் துணிக்கு அடியிலிருந்து அந்தப் பழைய ஒப்பந்தத்தை எடுத்து வந்து அப்பா மடியில் போட்டாள். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது.

"நாளைக்கு இதை நானே எடுத்துட்டு மேல போறேன்" என்றார் பூட்டுக்காரர். "டீ குடுத்தாலும் குடிக்க மாட்டேன்."

மகள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஜன்னல் விளிம்பைப் பார்த்தவள் கேட்டாள்.

"ஏம்பா, ரெண்டு பூட்டு வாங்கினான்னு சொன்னீங்களே. இது ஒண்ணு. இன்னொண்ணு?"

"பின் கேட்டுல இருக்கும்."

"பின் கேட்ல பழைய பூட்டுதான் இருக்கு. இப்பதானே பாத்தேன்."

பொழுது சாயும் நேரம். தையல்காரம்மா வழக்கம் போல எழுந்து போய், யோசனை ஏதும் இல்லாமல், நடு சுவிட்சைப் போட்டாள்.

மாடிப்படியில் விளக்கு எரிந்தது. கடைசிப் படிக்கு முந்தின படியில் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டையும் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து. வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், மாடிக் கதவில், பித்தளை உடம்பு மினுமினுத்தது.

எத்தனை நேரமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாளோ. ஒரு குரல் கொடுத்திருந்தால் மூன்று பேரும் ஓடியிருப்பார்கள். கூப்பிட அவளுக்கு வெட்கம்.

மூவரும் மேலே ஏறினார்கள். பூட்டுக்காரர் கையில் பெட்டி இருந்தது. எடுத்ததே அவருக்குத் தெரியாது.

"கீழ இருக்கறவங்களோடவே போய் இருந்துக்கோன்னான்" என்றாள் வீட்டுக்காரம்மா. அழவில்லை. "வீடு அவன் பேர்ல இருக்கு. அவர் எழுதும்போது, எனக்குன்னு தனியா என்னத்துக்குன்னு நான்தான் சொன்னேன். நம்ம பிள்ளைதானேன்னேன்."

மகள் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்கும்வரை அப்பா கை வைக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். இந்த அம்மாவை இப்படியே உட்கார வைக்கக்கூடாது என்பதும் தெரியும்.

பூட்டுக்காரர் பெட்டியைப் படியில் வைத்தார். வீட்டுக்காரம்மாவின் முன் ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. யாரா இருந்தாலும் கேக்கறதுதான். கதவைத் திறந்தா முதல்ல என்ன இருக்கும்?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரோட செருப்பு" என்றாள். "வலது பக்கம், சுவரோரமா. நான் இன்னும் எடுக்கல."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து கதவருகே போய், பூட்டின் மேல் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முறைப்படி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அது என்னவென்று தையல்காரம்மாவுக்குத் தெரியும். அவள் இன்னும் இரண்டு படி ஏறி வந்து, வீட்டுக்காரம்மாவின் தோளைப் பிடித்து எழுப்பி, பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"இவங்க இங்கதான் இருக்காங்க" என்றாள், புருஷனைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக. "பதினாறு வருஷமா எனக்குத் தெரியும். நான் சாட்சி."

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பைக்கின் வெளிச்சம் படியின் அடியில் விழுந்தது.